மைனஸ் ஒண்ணு

நாப்பத்தெட்டு வயசாச்சு. இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் அஞ்சு பைசா கடன் வாங்குனதில்ல. விக்கிரமசிங்கபுரத்துல இது தெரியாத ஆளு கிடையாது. கேக்காட்டியும் சொல்லிருவேன்.

அப்பேர்ப்பட்ட பூதலிங்கமாகிய நான், பொங்கல் கழிச்சு ஒரு முடிவெடுத்தேன். மில்லுக்கு இனிமே சைக்கிள் கிடையாது. புல்லட்டு. லோன் போட்டு.

பேங்குல எனக்குக் கிடைக்கப்போற மரியாதையக் கண்ணால பாக்கட்டும்னு, பொண்டாட்டி இசக்கித்தாயையும் கூட்டிட்டுப் போனேன்.

மேனேஜரு மூக்கால பேசுத ஆளு. கம்ப்யூட்டரத் தட்டுனாரு.

"அண்ணாச்சி, உங்க சிபில் ஸ்கோரு மைனஸ் ஒண்ணு."

"நூத்துக்கா?"

"தொள்ளாயிரத்துக்கு."

"நான் கடனே வாங்குனதில்லயே சார்!"

"அதான் கோளாறு. வாங்கித் திருப்பிக் கட்டுனாத்தான் இதுக்கு உங்களத் தெரியும். கட்டாம ஓடுனவனுக்குக்கூட நானூறு, ஐநூறுன்னு காட்டும். உங்களுக்கு ஒண்ணுமே காட்டல."

இசக்கித்தாய் பர்ஸத் தொறந்தா. "சார், இதயும் போட்டுப் பாருங்களேன்."

பான் கார்டு. அவகிட்ட பான் கார்டு இருக்கதே எனக்குத் தெரியாது.

மேனேஜரு தட்டுனாரு. நிமுந்து உக்காந்தாரு. "எழுநூத்தித் தொண்ணூத்தாறு! ஏப்பா, அக்காவுக்கு ஒரு டீ சொல்லு. மிக்சித் தவணை, மகளிர் குழுக் கடன், எட்டு நகைக்கடன். ஒரு நாள் பிந்தல பாத்துக்கிடுங்க."

"ஏட்டி, தாலியத் தவிர உங்கிட்ட ஏது நகை?"

"உங்க மோதிரந்தான்."

"அது பாபநாசத்துல குளிக்கும்போது ஆத்தோட போச்சுல்லா!"

"எங்க போச்சு? கல்லுல வச்சிட்டு முங்குனீங்க. நான் எடுத்து வச்சேன்."

ஏழு வருசம். மோதிரத்தத் தொலைச்சவன்னு தெனமும் ஏச்சு வாங்கியிருக்கேன். அவகிட்டயே.

"பின்ன நம்ம மக தேன்மொழி காலேஜுக்கு யாரு பீஸ் கட்டுனது?"

"ஸ்காலர்ஷிப்புன்னு சொன்னயே?"

"ஆமா. உங்க மோதிரம் குடுத்த ஸ்காலர்ஷிப்பு."

டீ வந்துச்சு. ஒரே டீ.

லோனு அவ பேருல. அதனால வண்டியும் அவ பேருல. அதனால புல்லட்டு இல்ல, ஸ்கூட்டரு. ரோசு கலரு.

வாசல்ல வண்டி வந்து நின்னதும் கைய நீட்டுனேன். "சாவியத் தா. ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்."

"குடுக்கலாம்..." மூக்கால பேசுதா! அச்சு அசல் மேனேஜரு. இதுவரைக்கும் இந்த வீட்டுல மிமிக்ரி பண்ணுதது நான் மட்டுந்தான். "ஆனா வண்டி விசயத்துல உங்களப் பத்தி முன்னபின்ன ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் எடுங்க. சொன்ன நேரத்துக்குக் கொண்டாந்து விடுங்க. பன்னெண்டு வாரம் பிசகாம விட்டா, மில்லுக்கு எடுத்துட்டுப் போறதப் பத்தி யோசிப்போம்."

பதினோரு வாரம் டாண்ணு கொண்டாந்து விட்டேன். பன்னெண்டாவது வாரம் அம்பாசமுத்திரத்துல ரயில்வே கேட்ட சாத்திட்டான். பத்து நிமிசம் லேட்டு.

இப்ப சைக்கிள் சாவியும் அவகிட்டத்தான் இருக்கு.