திட்டுவதற்கு ஆள் இல்லாத மென்பொருள்

திறந்த மூல மென்பொருளுக்கு மாற நினைக்கும் நிறுவனங்கள் எல்லாம் முதலில் எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு வந்து, கைகட்டி நின்று, பாடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இந்த விஷயத்தில் நாங்கள் சிந்தித்த அளவுக்கு உலகில் வேறு யாரும் சிந்தித்ததில்லை. கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன். சிந்தித்தது அவர்கள், கை வலித்தது எனக்கு.

எங்களிடம் புகார் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்று இருந்தது. ஒரு கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கியது. தினமும் காலையில் அது அசையாமல் நின்றுவிடும். உடனே மேலாளர் கம்பெனிக்குப் போன் போட்டு, எடுப்பவரை ஒரு பிடி பிடிப்பார். அவர் "மன்னிச்சிடுங்க சார்" என்பார். மென்பொருள் நின்றபடியே நிற்கும். மேலாளர் மட்டும் முகம் தெளிந்து காபி குடிக்கப் போவார். இதற்குத்தான் 'தொழில்நுட்ப ஆதரவு' என்று பெயர்.

திடீரென்று அந்தக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. புகார் பதிவும் நின்றது. கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்மணி, பாவம், நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார். இதே வேலைக்கு, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்று இருக்கிறது, பல ஊர்க் குடிநீர் அலுவலகங்களில் ஓடுகிறது, நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றார். 'நாளைக்கே' என்ற சொல்லைக் கேட்டதும் மேலாளர் பதறிப்போய் 'உயர்நிலைப் பரிசீலனைக் குழு' ஒன்றை அமைத்தார். அவர், கணக்காளர், அந்தப் பெண்மணி, குறிப்பெழுத நான்.

முதல் கூட்டத்தில் விலை பற்றி ஆராய்ந்தோம்.

"எவ்வளவு ஆகும்?" என்றார் கணக்காளர்.

"மென்பொருளுக்கு விலை இல்ல சார். ஆனா நம்ம ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுக்கணும். பராமரிக்கறதுக்கு ஒருத்தர் வேணும். செலவு அங்கதான்."

"அதை விடுங்க. மூணு கொட்டேஷன் இல்லாம நான் எதையும் வாங்க முடியாது. சும்மா கிடைக்கறதுக்கு எப்படிம்மா மூணு கொட்டேஷன்? சும்மா, அதைவிடச் சும்மா, ரொம்பச் சும்மான்னா?"

பயிற்சி, பராமரிப்பு ஆகியவை நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் நான் குறித்துக்கொள்ளவில்லை.

வெளியே பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சலவைக் கடை நடத்துகிறவர். அவர் தெருவில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வைகள் கடையில் அழுக்காகக் குவிந்து கிடந்தன. வெள்ளிக்கிழமைக்குள் வெளுத்துக் கொடுக்காவிட்டால் வேறு கடையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வேலையில்தான் கடையே ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, என் புகாரை எழுதிக்கிட்டாங்களா?"

"எதுலம்மா எழுதறது? மென்பொருள் பரிசீலனையில இருக்கு."

"ஒரு பேப்பர்ல எழுதிக்கக் கூடாதா?"

"பேப்பர்ல வாங்கறதை நிறுத்தித்தானேம்மா நாங்க நவீனமானோம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நவீனம் சிலருக்கு மெதுவாகத்தான் புரியும்.

இரண்டாவது கூட்டம் பாதுகாப்பைப் பற்றியது.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு யார் வேணும்னாலும் பார்க்கலாமாமே?" என்றார் மேலாளர்.

"ஆமா சார். நிறைய பேர் பார்க்கறதாலதான் தப்பு இருந்தா சீக்கிரம் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிடுமா?" மேலாளரின் முகம் வெளிறிவிட்டது. "நம்ம ஆபீஸ்லயா?"

அன்றைய கூட்டம் அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

மூன்றாவது கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்தது. மின்சாரம் போய்விட்டதால் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். உலகத்து நிறுவனங்கள் கேட்க மறந்த கேள்வியை எங்கள் மேலாளர் அன்றுதான் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. இது நின்னுபோச்சுன்னா நான் யாரைத் திட்டறது?"

"திட்ட வேண்டாம் சார். இதைச் செஞ்சவங்க எல்லாரும் பேசிக்கற பொது மன்றம் ஒண்ணு இருக்கு. என்ன பண்ணும்போது நின்னுச்சு, திரையில என்ன வந்துச்சுன்னு மரியாதையா எழுதினா பதில் போடுவாங்க."

"மரியாதையாவா?"

"இல்லன்னா காசு கொடுத்து நாமளே ஒரு ஆளை வெச்சிக்கலாம். அவரைத் திட்டிக்கோங்க."

"அவர் செய்யாத தப்புக்கு அவரைத் திட்டறதா? பாவம் இல்லையா?"

தினமும் என்னைத் திட்டுகிறவரின் மனத்தில் இத்தனை ஈரமா என்று வியந்துபோனேன்.

"இதோட உரிமத்துல என்னதான் போட்டிருக்கு?" என்றார் கணக்காளர்.

பெண்மணி படித்தார்: "இது உள்ளது உள்ளபடியே வழங்கப்படுகிறது. எந்த உத்தரவாதமும் கிடையாது. இதனால் உங்களுக்கு எந்த நஷ்டம் வந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல."

மேலாளர் மேஜையைத் தட்டினார். "எவ்வளவு திமிர் பாருங்க. நம்பி வர்றவங்ககிட்ட இப்படியா சொல்லுவாங்க? பொறுப்பில்லாதவங்களோட நமக்கு எந்தச் சகவாசமும் வேண்டாம். நிராகரிச்சாச்சுன்னு எழுதுப்பா."

எழுதினேன்.

நிமிர்ந்தபோது சலவைக் கடை அம்மா வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"அம்மா, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்களேன்," என்றார் கணினிப் பிரிவுப் பெண்மணியிடம்.

அவர் தயங்கித் தயங்கிப் படித்தார்.

"யாரோ நல்லவங்க," என்றார் சலவைக் கடை அம்மா. "முதல்லயே சொல்லிட்டாங்க பாருங்க. நீங்களும் இதை வாசல்ல எழுதிப் போட்டிருந்தா, மூணு வாரமா பஸ்சுக்குக் காசு கொடுத்து வந்திருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். போர்வைகள் வேறு கடைக்குப் போய்விட்டன. இப்போது அவர் கடைக் கதவில் பூட்டு தொங்குகிறது. அவர் சொன்னது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் குறிப்பில் ஏறவில்லை.

ஆகவே, நிறுவனங்களே, விலை, பயிற்சி, பராமரிப்பு என்று சில்லறை விஷயங்களில் மனத்தை அலைபாய விடாதீர்கள். பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் பாருங்கள். நாங்கள் பார்த்துத் தெளிந்துவிட்டோம். எதற்கும் பொறுப்பேற்காமல் இருப்பதற்கென்றே இந்த அலுவலகத்தில் எங்கள் எல்லோருக்கும் மாதச் சம்பளம் வருகிறது. அதே வேலையை இலவசமாகச் செய்ய வெளியாட்களை எப்படி உள்ளே விடுவது?