பெரியவர் படுக்க ஓர் இடம்

இந்த வீட்டில் ஒரு முடிவையாவது நானே எடுப்பது என்று முடிவெடுத்தேன். எங்கள் நாய்க்குப் படுக்கை வாங்கும் முடிவு.

மற்றதெல்லாம் மனைவியின் இலாகா. சுவருக்கு என்ன வர்ணம், எனக்கு என்ன சட்டை, சட்டைக்குள் இருக்கும் நான் எப்போது வாய் திறக்கலாம், எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். ஆனால் மெத்தை என்று வந்துவிட்டால் என்னை மிஞ்ச ஆளில்லை. நாற்காலித் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். புதிதாக ஒரு நாற்காலி செய்தால் நான் அதில் உட்கார்ந்து, சாய்ந்து, நெளிந்து பார்த்து, 'சரி' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் அது வெளியே போகும். ஊரில் எல்லாரும் ஓடியாடிச் சம்பாதிக்கிறார்கள். நான் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன்.

நாய் குட்டியாக வந்தபோது ஏதோ பேர் வைத்தோம். முகவாய் நரைத்ததும் மனைவி அதைப் 'பெரியவர்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். பேரோடு மரியாதையும் ஏறிவிட்டது. 'அது' போய் 'அவர்' வந்தது. அதுவரை வீட்டில் நான் ஒருவன்தான் 'அவர்'. பதவியைப் பங்கு போட வேண்டியதாயிற்று.

"அவரு சாப்பிட்டாரா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

"சாப்பிட்டேனே!"

"உங்களக் கேக்கல."

கொஞ்ச நாளாகப் பெரியவருக்கு மூட்டுவாதம். எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் தரையில் வழுக்கும். முன்னங்காலை ஊன்றி, சற்று யோசித்து, ஒரு முனகல் முனகி, அப்புறம்தான் எழுவார். எழுந்த பிறகு எதற்கு எழுந்தோம் என்று நிற்பார். கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அங்கே சத்தம் காட்டாமல் காலைக் கொடுத்தார். டாக்டர் மடக்கிப் பார்த்தார்.

"படி ஏற விடாதீங்க. வெறும் தரையில படுக்க விடாதீங்க. உக்காந்தா அமுங்கிப் போற மெத்தை வேண்டாம். கால நீட்டிப் படுக்கற அளவுக்கு இருக்கணும். ஓரம் தாழ்வா இருக்கணும். அடியில வழுக்கக் கூடாது."

"எங்க வீட்ல இன்னொருத்தருக்கும் இதே வலிதான் டாக்டர்," என்றாள் மனைவி. "படியில கைப்பிடியப் பிடிச்சுத் தொங்கித்தான் ஏறறாரு. அவரு முனகல் இவரு முனகலவிட ஜாஸ்தி."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றேன். "தொழில் அப்படி. உக்காந்து உக்காந்து மரத்துப் போச்சு."

இது பழைய வழக்கு. எங்கள் படுக்கையறை மாடியில். கட்டிலைக் கீழ் அறைக்கு மாற்றிவிடலாம் என்று அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். நான் மசியவில்லை. மாடியைவிட்டு இறங்கிவிட்டால் கிழவன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

படுக்கைக் கடைக்குப் போனோம். நாய்களுக்கு என்றே ஒரு பக்கம் முழுக்க மெத்தை. வட்டமாக, நீளமாக, எலும்பு உருவத்தில்கூட. நான் செருப்பைக் கழற்றினேன்.

கடைக்காரர் பதறினார். "சார், நீங்களே படுத்துப் பாக்கப் போறீங்களா?"

"பாக்கட்டும், விடுங்க," என்றாள் மனைவி. "கல்யாணமான நாள்லேர்ந்து அவரு படுத்திக்கிட்டுத்தான் இருக்காரு."

படுத்தேன். ஒருக்களித்தேன். சுருண்டேன். பக்கத்தில் ஒரு குடும்பம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் அமுக்கினால் அமுங்கி, விட்டால் உடனே எழும்பும் மெத்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்து கூடத்து ஜன்னலோரம் போட்டேன்.

பெரியவர் வந்தார். முகர்ந்தார். 'நல்லா இருக்கு, யாருக்கு?' என்பது போல என்னைப் பார்த்தார். நேராகப் போய் மாடிப்படியின் அடியில், வெறும் தரையில் படுத்துவிட்டார்.

மெத்தை கெட்டி போலிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். மாடிப்படி அடியிலேயே படுத்தார். ஓரம் உயரம் போலிருக்கிறது என்று ஓரமே இல்லாத ஒன்று வாங்கினேன். அதைத் தாண்டிக்கொண்டு போய்ப் படுத்தார். தொழிற்சாலையிலிருந்து நல்ல பஞ்சுத் துண்டு கொண்டுவந்து நானே உறை போட்டேன். அதையும் முகர்ந்தார். என் தொழில்மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

"இன்னும் ஒரு மெத்தை வந்தா நாம வாசல்லதான் படுக்கணும்," என்றாள் மனைவி.

"அவருக்கு எது பிடிக்கும்னு தெரியலியே!"

"பாத்துக்கிட்டே இருங்க. தெரியும்."

பார்க்கும்படி ஒன்றுதான் இருந்தது. நான் மாடிக்குக் கிளம்பினால் அவர் எழுந்து வருவார். முதல் படியில் ஒரு காலை வைப்பார். அந்தக் கால் நடுங்கும். என்னை அண்ணாந்து பார்ப்பார். குட்டியாக வந்த நாள் முதல் என் கட்டிலின் பக்கத்தில் தூங்கியவர். "வேண்டாம்பா," என்றால் காலை எடுத்துவிடுவார். தலையை அந்தப் படிமேல் வைத்துப் படுத்துக்கொள்வார். எனக்குத் தாங்காது. நான்பாட்டுக்கு மேலே போய்ப் படுப்பேன். மெத்தென்ற மெத்தையில் தூக்கம் வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி ஒரு யோசனை சொன்னாள்.

"கடையில படுத்த மாதிரி இங்க கொஞ்சம் படுத்துக் காட்டுங்களேன். அவருக்குப் புரியும்."

நான் செய்த மெத்தைதான் எல்லாவற்றிலும் பெரியது. அதில் படுத்தேன். பெரியவர் எட்ட நின்று யோசித்தார். மெதுவாக வந்தார். ஒரு சுற்று சுற்றினார். பெருமூச்சோடு சரிந்து, முதுகை என் முட்டியோடு ஒட்டிவைத்துக் காலை நீட்டிவிட்டார். சூடு இதமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே தாளத்தில் குறட்டை விட்டதாக மனைவி பிறகு சொன்னாள்.

விழித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெத்தையில் ஒரு குறையும் இல்லை. இத்தனை நாளும் நான் பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தேன், அவர் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது இடம். அந்த இடம் என் பக்கத்தில் இருந்தது. இதுகூடப் புரியாமல் என்ன பரிசோதகன் நான் என்று வெட்கமாக இருந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். "கட்டில கீழ் அறைக்குக் கொண்டுவரணும்."

"அய்யய்யோ, கீழயா?" மனைவி வாயில் கை வைத்தாள். "மாடிய விட்டு இறங்கவே மாட்டேன்னீங்களே!"

"எனக்காகவா இறங்கறேன்? பெரியவருக்காக!"

"உங்க முட்டிக்கும் கொஞ்சம்…"

"முட்டி பேச்சே எடுக்காத. இது என் முடிவு. நாளைக்கே தச்சரக் கூப்பிடறேன்."

"சரிங்க. நீங்க சொன்னா சரி."

அந்த வாக்கியத்தை இதற்கு முன் எப்போது கேட்டேன் என்று ஞாபகமில்லை. அன்று முழுக்க வீட்டில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

மறுநாள் காலை தச்சர் வீட்டுக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தேன். வாசலில் தச்சர் நின்றார். கையில் கருவிப் பை.

"கட்டிலக் கழட்ட வந்தேங்க."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

"அம்மா போன வாரமே சொல்லிட்டாங்களே. 'ஞாயித்துக்கிழமை அவரே முடிவெடுத்துடுவாரு, திங்கக்கிழமை வந்துடுங்க'ன்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். மனைவி தச்சருக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றுமே நடக்காத முகம்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு? அவரு எதுக்கு அங்க படுக்கறாருன்னு?"

"மொதல் நாளே தெரியும்."

"சொல்லித் தொலைக்கறதுதானே! எத்தன மெத்த!"

"அவரு முட்டிக்குக் கட்டில இறக்கலாம்னு நான் சொல்லியிருந்தா, உங்க முட்டிக்குத்தான் சொல்றேன்னு நெனச்சிருப்பீங்க. இறங்கியிருக்க மாட்டீங்க. அதான் நீங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்." டம்ளரைத் தச்சரிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "தினம் ரெண்டு பேர் முனகறதக் கேக்கறது நான்தானேங்க. எனக்கு மட்டும் வலிக்காதா?"

தச்சரின் கருவிப் பையை வாங்கிக்கொண்டு நானே மாடிக்கு வழி காட்டினேன். 

கட்டில் துண்டு துண்டாகக் கீழே வந்தது. கீழ் அறையில், அது நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில், பெரியவர் முன்னாடியே தன் மெத்தையில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க," என்றாள் மனைவி. "டாக்டர்கிட்ட போகணும்."

"மறுபடியுமா? பெரியவர் இப்பதான் நல்லா இருக்காரே!"

"அவரு சத்தம் காட்டாம போயிட்டு வந்துட்டாருங்க. இப்ப உங்க முறை."