தோள் வலிக்காத மடிக்கணினி

பிறர் எழுதியதைச் சரிபார்க்கத்தான் பத்திரிகை எனக்கு இருபது வருடமாகச் சம்பளம் தருகிறது. அப்படிப்பட்டவன் ஒருமுறை தன் பையைத் திறந்து பார்க்காமலே விமர்சனம் எழுதினான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விமர்சனம் ஒரு மடிக்கணினி பற்றியது. யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர் திங்கட்கிழமை வரை இரவல் தந்திருந்தார். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, பயணத்துக்கென்றே செய்தது என்றார். பயணத்திலேயே சோதிக்கிறேன் என்று ஆசிரியரிடம் வீரம் பேசினேன். வெள்ளிக்கிழமை நயினாதீவில் மனைவியின் தமக்கை வீட்டில் சாப்பாடு, நாலு மணிக்குள் கட்டுரை. (சாப்பாட்டை முன்னால் எழுதியது தற்செயல் அல்ல.)

குறிகட்டுவான் துறையில் நானும் மனைவியும் படகு ஏறியதும் கணினியை வெளியே எடுத்தேன்.

"அண்ணை, ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன்.

அந்தப் படகில் எதை நீட்டினாலும் அது அடுத்த கைக்குப் போய்விடும். அரிசி மூட்டையும் கைக்குழந்தையும் அப்படித்தான் ஏறி இறங்கும். கணினியும் போனது.

"உள்ளுக்கை சாமான் ஏதும் இருக்கோ, வெறும் கோதோ?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். படகே சிரித்தது. கணினியைச் செய்தவனே நான்தான் என்பதுபோல நானும் சிரித்தேன். துறை வந்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தேன்.

கோயிலுக்குப் போய், தெரிந்தவர் வீட்டில் தேநீர் குடித்து, வெயிலில் நடந்தோம்.

"பை பாரமோ?" என்றாள் மனைவி.

"பாரமே தெரியேல்லை, பாருமன்!"

உடனே நின்று குறிப்பேட்டில் எழுதினேன்: 'ஒரு மணித்தியாலம் சுமந்தும் தோள் வலிக்கவில்லை.'

சாப்பிட்டு எழும்பி, மூன்று மணிக்குப் பையைத் திறந்தேன். சார்ஜரும் துவாயும் மட்டுமே இருந்தன.

"இஞ்சருங்கோ, ஏன் முகம் இப்பிடிப் போகுது?"

துறைக்கு ஓடினேன். நாங்கள் வந்த படகு எப்போதோ திரும்பியிருந்தது. கடைக்காரரின் முகமும் ஆசிரியரின் முகமும் மாறி மாறி வந்தன. கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நீரோ அந்த லப்டொப்காரர்? கடைசியாத் தபால் கந்தோர் அக்கான்ரை கையிலைதான் நிண்டது. உம்மைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மனிசிக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு."

தபால் கந்தோருக்கு ஓடினேன். அக்கா கணினியைத் தன் மேசையில் துணி விரித்து வைத்திருந்தார். என் கை நடுங்குவதைப் பார்த்தார்.

"எத்தினை மணிக்கு அனுப்போணும்?"

"நாலுக்கு, அக்கா." மணி மூன்று முப்பத்தைந்து.

"உந்தக் கையாலை ஏலாது. நீர் வாசியும், நான் அடிக்கிறன்."

குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தேன். என்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தார். தோள் வலிக்காத இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

"அப்ப இது எங்கை இருந்தது?"

"உங்கடை மேசையிலை."

"ம்" என்றுவிட்டுத் தொடர்ந்தார். கைத்தொலைபேசியில் இணையத்தைப் பிடித்து, திரும்ப வாசிக்காமலே அனுப்பினேன். மூன்று ஐம்பத்தெட்டு.

ஞாயிற்றுக்கிழமை அச்சில் வந்தது: 'ஒரு மணித்தியாலம் சுமந்தும் தோள் வலிக்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலமும் கணினி தபால் கந்தோர் மேசையில் இருந்தது.'

தொலைபேசியில் அக்காவைக் கேட்டேன். "உண்மையைத்தானே தம்பி அடிச்சனான்?" என்றார். ஆசிரியரோ அதை என் நகைச்சுவை என்று நினைத்துப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. கடைக்காரர் அந்தப் பக்கத்தை வெட்டிக் கடையில் ஒட்டிவைத்தார்.

மனைவியை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் நான் "கறி நல்லாயிருக்கு" என்றால், அவள் எட்டி என் சோற்றுக் கோப்பையைப் பார்க்கிறாள்.

"போட்டுச் சாப்பிட்டிட்டோ சொல்லுறியள்?"