சிவப்பு ஸ்டிக்கர்

பால் பாத்திரத்தின் மூடியில் 'ஹோல்டு' என்று எழுதிய சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மணிமேகலை அதைப் பிய்க்கப் போனாள்.

"கை வெக்காத. பாலு ஹோல்டுல இருக்குது," என்றான் அவள் புருஷன் திம்மராயன்.

"அப்ப காப்பிக்கு என்னா பண்றது?"

"கடுங்காப்பி குடி. புள்ள வயித்தவிட உனக்குக் காப்பி பெருசா?"

மணிமேகலை கடுங்காப்பியைக் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

திம்மராயனுக்கு ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. வெளியிலிருந்து வரும் சரக்கை வாசலிலேயே அளந்து பார்த்து, சந்தேகப்பட்டதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரங்கட்டுகிற இன்ஸ்பெக்டர். வருஷக்கணக்காக அதையே செய்ததில் அவனுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. தப்பு என்று ஒன்று இருந்தால் அது வெளியிலிருந்துதான் உள்ளே வரும். அதோடு, கோபம் வந்துவிட்டால் அவனுக்குக் காது கேட்காது. அவன் பெயரைக் கேட்டாலே சப்ளையர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்போது கலக்கிக்கொண்டிருந்தது அவன் மகள் அருணாவின் வயிறு. ஒன்பது வயதுப் பிள்ளை. போன வருஷம் குடலில் அழற்சி என்று கண்டுபிடித்தார்கள். பெங்களூரிலிருந்து சனிக்கிழமைகளில் ஓசூருக்கு வந்துபோகும் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

"மாத்திரைய மட்டும் விடக்கூடாது. சில சாப்பாடு சில பிள்ளைங்களுக்கு ஒத்துக்காம வலியக் கிளப்பும். அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சந்தேகமிருந்தா எங்களக் கேட்டுட்டு ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. அப்புறம், சிகரெட்டு வாசனையே வீட்ல வேணாம்."

அன்றைக்கே திம்மராயன் சிகரெட்டை விட்டான். பொண்டாட்டி அழுதும் விடாதவன், மகளுக்காக ஒரே நாளில் விட்டான். இதை மெச்சாமல் மேலே போகக்கூடாது. சிகரெட் இருந்த சட்டைப்பையில் மருந்துக்கடையில் விற்கிற சர்க்கரையில்லாத புதினா மிட்டாய் டப்பி குடியேறியது. வாய் நமநமத்தால் ஒன்று, கோபம் வந்தால் ஒன்று. கோபத்துக்கே பாதி டப்பி தீர்ந்தது.

மாத்திரையில் வலி அடங்கத்தான் செய்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு திரும்பவும் ஆரம்பித்தது. அப்போதுதான் ஸ்டிக்கர் வீட்டுக்குள் வந்தது.

பாலை நிறுத்தியும் வலி நிற்கவில்லை. திம்மராயனுக்கு ஆத்திரம் வந்தது. கோதுமைக்கு ஒட்டினான். துவரம்பருப்பு, நிலக்கடலை, கேழ்வரகு, முட்டை, தக்காளி எல்லாவற்றுக்கும் ஒட்டினான். அடுக்களை அலமாரி செவசெவவென்று ஆனது.

"ஒவ்வொண்ணாதான நிறுத்தச் சொன்னாங்க?" என்றாள் மணிமேகலை.

"சந்தேகம் வந்தா மொத்த லாட்டையும் நிறுத்தணும். கம்பெனியில அதுதான் முறை."

"உப்ப மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

மிஞ்சியது அரிசிக் கஞ்சி. காலையில் கஞ்சி, பள்ளிக்கூடத்துக்குக் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி. அருணா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அழுவாள். அப்பனுக்கும் கண் கலங்கும். "குடிச்சிடு கண்ணு" என்று கெஞ்சி, குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து வாயில் போட்டுத் தலையைத் தடவிக்கொடுப்பான். கசப்பு மாத்திரைக்கும் அப்படித்தான். கல்நெஞ்சக்காரன் இல்லை அவன்.

வலி குறையவில்லை. கூடியது. வீட்டில் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது என்றால் சரக்கு வேறெங்கிருந்தோ வருகிறது. திம்மராயன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

ஜூஜுவாடியில் அவர்கள் இருந்தது லைன் வீடு. ரஹமத் பீவி வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அருணா தவழ்ந்ததே பாதி அந்த வீட்டில்தான்.

"அக்கா, ஒளிக்காம சொல்லுங்க. புள்ளைக்கு என்னா குடுக்கறீங்க?"

"ஒண்ணுமில்லையே தம்பி. நீங்க வேணாம்னீங்க, விட்டுட்டேன்."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க. நேத்து அவமேல நெய் வாசன அடிச்சுது."

ரஹமத் பீவி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "தலைவாரி வுட்டேன் தம்பி. அந்த வாசன என் கையிலதான் இருந்தது. அந்தப் பிள்ளை கண்ணுல படக்கூடாதுன்னு எங்க வீட்டுல வெள்ளிக்கிழம பிரியாணிகூட ஆக்கறதில்ல. என்னைப் போயி கேட்டீங்களே."

கதவு சாத்திக்கொண்டது. அந்த அம்மாள் கோபப்பட்டதில் என்ன தப்பு? திம்மராயனோ, குட்டு வெளிப்பட்டதால்தான் கதவைச் சாத்துகிறாள் என்று முடிவு கட்டினான். ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நேரே வாசலில் நின்ற ஆட்டோவுக்குப் போனான்.

ரஹமத் பீவியின் புருஷன் லால் பாஷாதான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறவர். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் திம்மராயன் பின்சீட்டைத் தூக்கிச் சோதனை போட்டுவிட்டான். ஒரு மிக்சர் பொட்டலம் அகப்பட்டது.

"பாய், என்னா இது?"

"என் மிக்சர். பசிச்சா நான் திங்கறது. இருவது வருசமா பிள்ளைங்கள ஏத்தறேன், ஒருத்தரும் என் சீட்டத் தூக்கிப் பாத்ததில்ல. நீங்க வேற ஆட்டோ பாத்துக்குங்க."

ஆக, வேறு வழியில்லாமல் திம்மராயனே அருணாவை பைக்கில் கொண்டுபோய் விட்டான், கூட்டிவந்தான். ஷிப்டு மாற்றச் சொல்லி மேனேஜரிடம் திட்டு வாங்கினான். அருணாவுக்கு மட்டும் கொண்டாட்டம். அப்பாவின் முதுகைக் கட்டிக்கொண்டு, வாயில் அப்பா போட்ட மிட்டாயோடு, ஹைவே லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள்.

வலியோ அந்த வாரத்தில் முன்னைவிட மோசமானது. வகுப்பிலிருந்து கழிப்பறைக்கு ஓடியபடியே இருந்தாள். உடனே அவன் பள்ளிக்கூடத்துக்கும் போய்க் குதித்தான்.

"வேற புள்ளைங்க டப்பாவுல இருந்துதான் வருது, டீச்சர். நாளையிலேர்ந்து இவளத் தனியா உக்கார வெச்சு சாப்பிட வைங்க."

டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் போட்ட சத்தத்தில் கடைசியில் சரி என்றாள். வியாதியோடு இருக்கும் ஒரு சின்னப் பிள்ளையை மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்காரவைத்துக் கஞ்சி குடிக்கச் சொல்கிற அநியாயத்தை அதைப் பெற்றவனே செய்தான்.

சாயந்திரம் அருணா கேட்டாள். "அப்பா, எனக்கு வந்திருக்கறது ஒட்டிக்கற நோயா?"

"சேச்சே. யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பக்கத்துல யாரும் வரலை."

திம்மராயன் சட்டைப்பையைத் துழாவினான். ஒரு மிட்டாய் கொடுத்தான். யோசித்து இன்னொன்றும் கொடுத்தான். இவ்வளவுக்கும் காரணமான ஆள் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை அருணாவால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. பைக்கில் உட்காரவைக்கவும் முடியாது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"பாய், நான் அன்னைக்கு..." என்று இழுத்தான் திம்மராயன்.

"ஏறுங்க. சண்டைய அப்புறம் வெச்சிக்கலாம்," என்றார் லால் பாஷா. உள்ளே ரஹமத் பீவி மாற்றுப் பாவாடையும் துண்டும் வைத்த பையோடு உட்கார்ந்திருந்தாள். திம்மராயனைப் பார்க்காமல் பிள்ளையை மட்டும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து, மருந்தை மாற்றி எழுதி, டயட்டீஷியனிடம் அனுப்பினார். தஸ்லிம் என்று பெயர். சின்ன வயசுப் பெண். அருணாவைத் தராசில் நிற்கவைத்தாள். கஞ்சிக் கதையை மணிமேகலை சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது.

"யாரு சார் இத்தனையும் நிறுத்தச் சொன்னது? நாங்க ஒவ்வொண்ணாதானே சொன்னோம். நீங்க கடையையே மூடியிருக்கீங்க. நோயில பாதி எளச்சிருக்கா, பட்டினியில பாதி எளச்சிருக்கா. வளர்ற பிள்ளை சார்."

"நிறுத்தியும் வலி நிக்கலைன்னா என்னா அர்த்தம்? எவனோ திருட்டுத்தனமா எதையோ குடுக்கறான்," என்றான் திம்மராயன்.

தஸ்லிம் அவனை விட்டுவிட்டு அருணாவின் பக்கம் குனிந்தாள். "பாப்பா, சாப்பாடுன்னு நினைக்காத. வாயில போட்டது எல்லாத்தையும் என் காதுல சொல்லு. யாரும் திட்ட மாட்டாங்க."

அருணா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தஸ்லிமின் காதில் வெகுநேரம் குசுகுசுத்தாள்.

தஸ்லிம் நிமிர்ந்தாள். "மத்த எதுவும் இல்ல. ஒரு மிட்டாய். சர்க்கரைக்குப் பதிலா வேற ஒரு இனிப்பப் போட்டு செய்யறது. நெறைய தின்னா நல்ல வயித்தையே கலக்கும். இவளுக்கு அதத் தினமும், நாளுக்கு ஏழெட்டு குடுத்திருக்காங்க. முதல்ல அத நிறுத்திப் பாப்போம்."

மிட்டாய் என்ற சொல்லோடு திம்மராயனுக்குக் காது அடைத்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கதவோரம் நின்ற ரஹமத் பீவியைப் பார்த்தான், லால் பாஷாவைப் பார்த்தான், பொண்டாட்டியையும் விடவில்லை. கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போய் டப்பியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டது.

"ஏங்க," என்று மணிமேகலை ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. யாருன்னு சொல்லு கண்ணு. அது யாரா வேணா இருக்கட்டும். இன்னைக்கிலேர்ந்து அந்த ஆளு நம்ம வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அருணாவின் உதடு பிதுங்கியது.

"அப்பறம் நீ எங்கப்பா தூங்குவ?"