வலி காணாமல் போன கால்

காலையில் கட்டிலை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக டைலர் ஒரு முழக்கம் போட்டார்.

"ஏம்மா! இனிமே நான் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன். என் கால் சரியாப் போச்சு!"

சமையலறையிலிருந்து அவர் மனைவி டீ வடிகட்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"எரிச்சல்?"

"போயே போச்சு."

"குறுகுறுப்பு?"

"ஓடியே போச்சு."

"ஊசி குத்தற மாதிரி இருக்கும்பீங்களே?"

"நான் டைலர்ம்மா. எந்த ஊசி என்கிட்ட வாலாட்டும்?"

அவர் சந்தோஷப்பட்டதில் தப்பே இல்லை. சர்க்கரை வியாதி அவரிடம் குடிவந்து வருஷக்கணக்காகிறது. கொஞ்ச மாதமாக அது காலில் இறங்கி ஆட்டம் போட்டது. போர்வை பட்டாலே உள்ளங்கால் அடுப்பில் வைத்த மாதிரி எரியும். ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு விடிய விடியப் புலம்புவார். தான் தூங்காதது போதாதென்று பக்கத்தில் படுத்தவளையும் தூங்க விடமாட்டார். இப்போது எல்லாம் கப்சிப். சொல்லாமல் கொள்ளாமல் வலி மூட்டையைக் கட்டிவிட்டது. மாத்திரையை அடிக்கடி மறந்ததற்கும், டீக்கடையில் சர்க்கரையை மறக்காமல் கேட்டு வாங்கினதற்கும் கிடைத்த பலன் இது என்று உள்ளூர நம்பினார்.

"அவ்வளவு பெரிய வலி அப்படி எங்கேங்க போச்சு?" என்றாள் மனைவி.

"எங்கே போனா உனக்கென்ன? விலாசம் வாங்கி வச்சுக்கணுமா?"

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வீடு திரும்பினார். மனைவி அவர் காலையே பார்த்தாள்.

"இன்னொண்ணு எங்கே?"

டைலர் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் கால் மட்டும்தான் இருந்தது. அவருக்கே திக்கென்றது.

"அது... அறுந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

வாய் மூடவில்லை. கடைக்குப் பக்கத்தில் இஸ்திரி போடுகிறவர் வலது செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அண்ணே! முக்குல இதை விட்டுட்டு விறுவிறுன்னு போயிட்டே இருக்கீங்களே! தொண்டை கிழியக் கத்தினேன்!"

மனைவி செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"இதுவா அறுந்தது?"

"மறுபடி ஒட்டிக்கிச்சு போலிருக்கு," என்றார் டைலர்.

மறுநாளே டாக்டர். ஆஸ்பத்திரி வாசலை அவர் மிதிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், மனைவி இழுத்த இழுப்பில் கால் தரையில் பாவவே இல்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "சர்க்கரை ரொம்ப நாள் ஏறியே இருந்தா நரம்பு கெட்டுப்போகும். பல பேருக்கு மொதல்ல எரியும், குத்தும். அப்புறம் மரத்துப்போகும். வலி நின்னா குணமாயிடுச்சுன்னு நினைக்கக்கூடாது. வலியைச் சொல்ற நரம்பே பேச்சை நிறுத்தியிருக்கும்."

டைலருக்குத் தலை சுற்றியது. "இருங்க டாக்டர். வலிச்சா வியாதி. சரி. வலிக்கலைன்னா?"

"அது இன்னும் மோசம்."

"அப்ப வலிச்சா தேவலையா?"

"வலிச்சாலும் தேவலைன்னு சொல்ல முடியாது."

"ரெண்டுல எது நல்லதுன்னு ஒண்ணைச் சொல்லுங்க. நான் அதை வச்சுக்கறேன்!"

"மொதல்ல பார்த்துடலாம். கண்ணை மூடுங்க. இந்த நைலான் இழையால உங்க காலைத் தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

கண்ணை மூடின டைலருக்குக் கடைதான் ஞாபகம் வந்தது. காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வாரம் தையல் மிஷினின் மோட்டார் பெடலை மெதுவாகத்தான் மிதித்தார். அதாவது, மெதுவாக மிதித்ததாகத்தான் நினைத்தார். மிஷின் பறந்தது. ஒருத்தருடைய பேண்ட்டின் இரண்டு காலும் ஒரே காலாகிவிட்டது. காலில் உணர்ச்சி இல்லை என்று டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்காரி கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிடுவாள். அந்தச் சின்னக் கடையில்தான் அவர் ராஜா. வீட்டில் மந்திரிகூட இல்லை. கடை போனால் தானும் போன மாதிரிதான் என்று அவருக்குப் பட்டது.

அப்போதுதான் 'கிரீச்' என்று சத்தம் கேட்டது. டாக்டரம்மா உட்கார்ந்திருந்த சுழலும் ஸ்டூல்! அவர் காலைத் தொட முன்னால் சாயும்போதெல்லாம் அது கத்தியது.

கிரீச். "தெரியுது!"

கிரீச். "பிரமாதமாத் தெரியுது!"

கிரீச். "ஆங், கட்டை விரல்!"

"இப்ப நான் தொடலையே? கீழே விழுந்த பேனாவை எடுத்தேன்."

டைலர் ஒரு கணம்தான் தடுமாறினார். "முன்னாடி தொட்டீங்களே, அது இப்பதான் வந்து சேருது டாக்டர்."

டாக்டரம்மாவுக்கே குழப்பமாகிவிட்டது. "எதுக்கும் நாளைக்குச் சாயங்காலம் இன்னொரு தடவை பார்த்துடலாம். இனிமே வெறுங்காலோட நடக்காதீங்க. செருப்பும் வேணாம், ஷூ போடுங்க."

வழியிலேயே கான்வாஸ் ஷூ வாங்கியாயிற்று. மனைவி வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று டைலர் நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த மனுஷனுக்கு அவள் மௌனம் பிடிபடவில்லை, பாவம்.

மறுநாள் காலையில் அவளே ஷூவை எடுத்துவந்து, கீழே உட்கார்ந்து, காலில் மாட்டி லேஸும் கட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் காணாத மரியாதை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனார்.

போனதும் கழுத்தைத் தடவினார். இஞ்சு டேப்பைக் காணோம்.

டேப் இல்லாவிட்டால் அவருக்குச் சட்டை போடாத மாதிரி இருக்கும். டிராயரைக் கவிழ்த்தார். துணி மூட்டைகளைப் பிரித்தார். மிஷினுக்கு அடியில் தவழ்ந்தார். கடையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளந்து நடந்தார். சட்டை தைக்க வந்த ஒரு குண்டு மனிதருக்கு மார்பளவு எடுக்க வேறு வழி தெரியாமல் இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தார்.

"டைலரே, என்ன இது? என்மேல எதுக்கு இவ்வளவு பாசம்?" என்று பதறினார் அவர்.

அடுத்து டைலர் இஸ்திரிக்காரர்மேல் பாய்ந்தார். "உண்மையைச் சொல்லு, எடுத்தியா இல்லையா?"

"உங்க டேப்பை வச்சு நான் என்னண்ணே பண்றது? இஸ்திரிப் பெட்டிக்கா அளவெடுக்கப் போறேன்?"

மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். கடை கவிழ்த்துப் போட்ட அலமாரி மாதிரி கிடந்தது.

"வீட்ல டேப்பைப் பார்த்தியா?"

"வீட்ல இல்லைங்க. நிச்சயமா இல்லை. உங்களோடதான் வந்துது."

"என்னோட வந்தா எங்கே போச்சு? வலியும் சொல்லாமப் போவுது, டேப்பும் சொல்லாமப் போவுது!"

"ரெண்டும் ஒரே இடத்துலதான் இருக்கும். தேடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் மிஷின் பக்கம் கொஞ்ச நேரம் எதையோ ஒதுங்கவைத்துவிட்டுப் போய்விட்டாள். அவருக்கு ஒரு எழவும் புரியவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கை கழுவப் போயிருந்தார். மனைவி எதையோ கீழே போட்டுவிட்டு ஸ்டூலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நம் வீட்டில் எல்லாருக்கும் தேடுகிற ராசி என்று நினைத்துக்கொண்டார் டைலர்.

டாக்டரம்மா வந்ததும் அவரே ஆரம்பித்தார். "டாக்டர், இந்தக் கால்ல ஒரு எறும்பு ஏறினாக்கூட அது ஆணா பொண்ணான்னு சொல்லிடுவேன்!"

"சந்தோஷம். ஷூவைக் கழட்டுங்க."

கழற்றினார். உள்ளேயிருந்து எட்டாக மடித்த மஞ்சள் இஞ்சு டேப் தொப்பென்று விழுந்தது. முனைத் தகடு உறுத்தாமலிருக்கப் பஞ்சு சுற்றியிருந்தது.

"நாள் பூரா இதை மிதிச்சுக்கிட்டா தேடினீங்க?" என்றார் டாக்டரம்மா.

"தேடலை டாக்டர். திருட்டுப் போகக் கூடாதேன்னு நான்தான் பத்திரமா..."

"பொய் சொல்லாதீங்க!" மனைவியின் குரல் உடைந்துவிட்டது. "நான்தான் வச்சேன். உறுத்தக் கூடாதேன்னு பஞ்சுகூடச் சுத்தினேன். இதுவே ஒரு ஆணியா இருந்திருந்தா? வலிச்சா நீங்க கத்துவீங்க, நான் ஓடி வந்து பார்ப்பேன். நீங்க கத்தவே இல்லைன்னா எனக்கு எப்படிங்க தெரியும்? காலையே எடுக்கணும்னு வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

டைலருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இருந்தாலும் கடை கண்முன் வந்து நின்றது. கடைசி நம்பிக்கை அந்த ஸ்டூல்தான்.

"டேப்பு துணி. அதனால தெரியலை. டெஸ்ட் வைங்க, பார்ப்போம்!"

கண்ணை இறுக மூடிக் காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு சத்தமும் இல்லை. காத்திருந்தார். இன்னும் காத்திருந்தார். கழுத்து வலித்தது.

"ஆரம்பிங்க டாக்டர்."

"முடிஞ்சுபோச்சு," என்றார் டாக்டரம்மா.

டைலர் கண்ணைத் திறந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "அப்ப... கடையை மூடணுமா?"

"யார் சொன்னா? மோட்டாரை வேகம் குறைச்சு வச்சுக்கிட்டு, பெடலைப் பார்த்து மிதிங்க. சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடி வச்சு உள்ளங்காலைப் பாருங்க. ஷூவைத் தட்டிப் பார்த்துட்டுப் போடுங்க. இனிமே உங்க காலுக்குக் கண்ணுதான் நரம்பு."

இவ்வளவுதானா! இதற்கா அத்தனை பாடு! டைலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எல்லாம் சரி டாக்டர். நேத்து அந்தக் கத்து கத்தின ஸ்டூல் இன்னிக்கு எப்படிக் கத்தாம இருந்துது?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். அவருடைய தையல் மிஷினின் எண்ணெய்க் குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, நாளைக்கு இதையும் தேடிக்கிட்டு நிக்காதீங்க."