கல்லில் குழி விழுந்தது யாரால் என்பது பற்றி

மைசூர்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் சித்தையன் அவர்களுக்கு, செந்தில்நாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை நிர்மலாவும் சுகம். அங்கு நீங்களும் அக்காவும், மகள் அஷ்வினியும், மஞ்சள் காடும், கிணற்றுத் தண்ணீரும் குறைவில்லாமல் இருக்க மாதேஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். ஐந்து வருஷம் கழித்து எழுதுவதால் எழுத்து கோணலாக வரும். தவிர, இடக்கையால் எழுதுகிறவன் எழுதியதன் மேலேயே கையைத் தேய்த்துக்கொண்டு போவான். மை இழுகியிருந்தால் கண்ணீர் என்று தப்பாக நினைக்க வேண்டாம்.

அஷ்வினியின் நிச்சயதார்த்தப் பத்திரிகை வந்தது. உறை மேல் ‘திருமதி நிர்மலா, மைசூர்’ என்று மட்டும் இருந்தது. ‘குடும்பத்தினர்’ என்றுகூட இல்லை. உள்ளே வேறு ஏதாவது சீட்டு ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று உறையைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன். அந்தக் குழந்தை நடை பழகியது எங்கள் வீட்டு ஹாலில், என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு. அவள் நிச்சயத்துக்கு நான் வர வேண்டும் மச்சான். இதில் ரோஷம் பார்த்து என்ன ஆகப் போகிறது? நிர்மலா, “நான் மட்டும் போய்ட்டு வந்தர்றனுங்க” என்கிறாள். சொல்லி ஒரு வாரம் ஆகிறது, இன்னும் ஒரு புடவைகூட எடுத்து வைக்கவில்லை.

எல்லாம் அந்தத் தீட்டுக்கல்லால் வந்த வினை. உங்கள் அப்பா கண்ணை மூடும்போது நமக்கு ஆளுக்கொரு சவரக் கத்தியும், இரண்டுக்கும் பொதுவாக ஒரே கல்லும் விட்டுப் போனார். ஆறு மாதம் உங்களிடம் ஹனூரில், ஆறு மாதம் என்னிடம் மைசூரில் என்று முறை வைத்து, யுகாதிக்கும் தீபாவளிக்கும் மாதேஸ்வரன் மலையில் சாமி கும்பிட்டுவிட்டுக் கல்லைக் கைமாற்றிக்கொண்டோம். கடைசி தடவை நான் கொடுத்ததும் லாட்ஜ் ரூமிலேயே கத்தியைத் தீட்டி, சவரம் பண்ணி, மோவாயைக் கிழித்துக்கொண்டு, அத்தனை சொந்தக்காரர் நடுவில் சொன்னீர்கள்: “கல்லயே இப்பிடிக் குழியாக்கி வெச்சிருக்கற ஆளு, குடும்பத்த எங்க நேரா வெச்சிருக்கப் போறாரு?” நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “குழியோடதானுங்க குடுத்தீங்க” என்றேன். கல்லை என் பையில் போட்டுவிட்டு நீங்கள் பஸ் ஏறினீர்கள். அதோடு சரி. நீங்கள் சலூனுக்குப் போவதாகக் கேள்வி. நானும் பிளேடுதான்; அந்தக் கல்லைத் தொடவே இல்லை.

குழி உங்களுடையது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. இருந்தாலும் பெருந்தன்மையாக நானே அதைச் சமன் பண்ணிக் கொடுத்துவிடுவது என்று, பத்திரிகை வந்த மறுநாளே உட்கார்ந்தேன். முதலில், வீட்டுக்காரம்மா மாதம்மா துணி துவைக்கிற கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி இதைப் போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள் தேய்த்ததில் குழி அப்படியே இருக்க, நாலு ஓரமும் உருண்டுவிட்டது. துவைக்கிற கல் மட்டும் பளபளவென்று ஆகி, துணி வைத்தால் வழுக்குகிறது. மாதம்மா வந்து, “ஏன் மாடுத்தித்தீரா சார்?” என்று கன்னடத்தில் கேட்டாள். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது அவளுக்கு என்ன சொல்ல? பிறகு ஹார்டுவேர் கடை விஜய்குமாரிடம் போனேன். நம்ம பக்கத்துப் பையன், கல்லைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான். “குழியத் தேய்ச்சா குழி போகாது சார். மேட்டத் தேய்க்கணும். குழி இருக்கற வரைக்கும் மேடுதான் எறங்கி வரணும்” என்று சொல்லி, கறுப்பு உப்புத்தாள் கொடுத்தான். அதைச் சமமான கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். கல் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்தால், மேட்டில் உள்ள கோடு முதலில் அழியும், குழியில் உள்ளது கடைசிவரை நிற்கும். வீட்டில் சமமான கண்ணாடி என்று இருப்பது டீப்பாய் மேல் இருப்பது ஒன்றுதான். நிர்மலா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு அடியில் அவள் போட்டோக்கள் செருகி வைத்திருப்பது தண்ணீர் உள்ளே இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. உங்கள் கல்யாணப் போட்டோவைத் துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மாதம்மா அதைப் பார்த்துவிட்டு, “யாரு சார் இவரு? ஜகளமா?” என்றாள். சண்டைதான், காய்ந்துகொண்டிருக்கிறது என்றேன்.

பதினோரு நாள் தேய்த்திருக்கிறேன் மச்சான். தேய்க்கும்போது ஒன்று தோன்றியது. கத்தி தீட்டும்போது நம் கண் கத்தி மேலேயேதான் இருக்கிறது. கத்தி கூராகக் கூராகக் கல் தேய்ந்துகொண்டே வருவதை நாம் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கோடு போட்டுத் தேய்த்திருந்தால் தேங்காய் மூடி அளவு குழி விழுந்திருக்காது. இனிமேலாவது, தேய்த்ததும் கல்லின் ஓரத்தை லேசாக மழுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கத்தி முனை உடையும். வெயிலில் காய வைக்கக் கூடாது. எண்ணெய் கூடவே கூடாது. இப்போது கல் முழுக்கச் சமம். ஒரே ஒரு கோடு மட்டும் அழியாமல் நிற்கிறது. கடிதத்தை முடித்துவிட்டு அதையும் தேய்த்துவிடுவேன். கல்லும் இந்தக் கடிதமும் நிர்மலா கையில் வரும்.

உங்கள் குழியை நான் நிரவிவிட்டேன். பத்திரிகையில் ஒரு பெயர் சேர்ப்பதில் உங்களுக்கு என்ன சிரமம்? அஷ்வினிக்கு என் ஆசீர்வாதம். போகிற வீட்டில் அவள் பேச்சு எடுபட வேண்டும். அக்காவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
செந்தில்நாதன்

பின்குறிப்பு: அந்தக் கடைசிக் கோட்டைத் தேய்க்க உட்கார்ந்தேன். அது நான் போட்ட கோடே இல்லை மச்சான், குழியின் அடியில் மிஞ்சிய பென்சில் கறுப்பு. மூலைக்கு மூலை சாய்வாக ஓடுகிறது; கல்லை எப்படித் திருப்பி வைத்தாலும் அதே சாய்வு. கத்தியை எடுத்து, உங்களைப் போல வலக்கையால் இழுத்துப் பார்த்தேன். அந்த வழியில் போகவே இல்லை. இடக்கைக்கு மாற்றினேன். தானாகப் போய் உட்கார்ந்தது. நம் இரண்டு வீட்டிலும் இடக்கைக்காரன் நான் ஒருவன்தான். உங்கள் கைத் தேய்மானமும் கொஞ்சம் இருந்திருக்கும். அது முதல் நாளே சமமாகிவிட்டது. நலம் விசாரித்ததைத் தவிர மேலே எழுதிய மற்றதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். திரும்ப எழுதத் தெம்பில்லை.

கோட்டை நான் தேய்க்கவில்லை. அப்படியே அனுப்பியிருக்கிறேன். நீங்களே பாருங்கள். மனசு வந்து உங்கள் கையால் அதைத் தேய்த்துவிட்டால், நிர்மலாவை ஒரு போன் போடச் சொல்லுங்கள். முகம் வழித்துக்கொண்டு, உங்கள் ஊருக்கு பஸ் மாறுகிற கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து உட்கார்ந்திருப்பேன்.