பரந்தாமனின் ஐந்து புல்-அப்ஸ்

மனைவி மனோரமாவிடம் பரந்தாமன் தோற்காத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது உடம்பு பலம். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் இருபது வருடமாக நனைந்த மாட்டுத்தோலைத் தூக்கித் தூக்கித் தோள் உரமேறியவர். தக்காளி வாங்கப் போனால் பாதி அழுகலோடு வருவார், டிவி ரிமோட் அவர் கைக்கு வந்து வருடங்கள் ஆயிற்று, அதெல்லாம் வேறு கதை. தோள் அவருடையது. அந்தத் தோளை நம்பித்தான் அன்றைக்கு வாயைக் கொடுத்தார்.

ஒரே மகள் ஹரிணி ராணுவத்துக்குத் தேர்வாகியிருந்தாள். ஓட்டம், தாண்டல், பரீட்சை எல்லாம் பாஸ். ஐம்பது நாளில் பெங்களூரில் பயிற்சியில் சேர வேண்டும். பதினெட்டு நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்ததால், படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அதைத்தான் பரந்தாமன் போடமாட்டேன் என்றார். பெண்ணுக்குக் கையில் தெம்பில்லை என்பது வெளியே சொன்ன காரணம். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்பது சொல்லாத காரணம்.

"ஓட்றது வேற கண்ணு. அங்க கம்பில தொங்கவுட்டு இழுக்கச் சொல்லுவான். இன்னா பண்ணுவ?"

"பழகிக்குவேன்பா."

"பழகு, பாக்கலாம். நான் எத்தன எடுக்கறனோ, அதுக்கு மேல ஒன்னே ஒன்னு எடு. கையெழுத்துப் போடறேன்."

வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இரும்புக் குழாயை எம்பிப் பிடித்தார். ஐந்து முறை மோவாயைக் குழாய்க்கு மேலே கொண்டுபோனார். ஆறாவதும் என்னால் முடியும், போனால் போகிறதென்று விட்டுவிட்டேன் என்கிற முகத்தோடு இறங்கினார். அடுத்து ஹரிணி தொங்கினாள். தொங்கினாள், அவ்வளவுதான். பக்கத்தில் காய்ந்த துப்பட்டாவாவது காற்றுக்குக் கொஞ்சம் மேலே போனது.

"நாப்பது நாள் டைம் குடுங்க. அப்ப ரெண்டு பேரும் மறுபடி எடுங்க" என்றாள் மனோரமா.

"தாராளமா."

"பேச்சு மாறக்கூடாது."

"நான் எப்ப மாறினேன்?"

அந்தக் கணக்கு மனோரமாவிடம் இருந்தது. பட்டியல் பெரிது.

மறுநாளிலிருந்து ஹரிணி காலையில் குழாயில் தொங்குவாள், பிறகு பக்கத்து வீட்டு ஹலீமா பீயிடம் போய்விடுவாள். ஹலீமா பீ கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்து அனுப்புபவர். தேக்சா என்கிற அந்தப் பெரிய பிரியாணிப் பாத்திரங்களை அடுப்பில் ஏற்றுவது, இறக்குவது, கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் ஹரிணியின் வேலையாயிற்று. பரந்தாமன் மதில் வழியாக எட்டிப் பார்த்தார். மனம் குளிர்ந்தது.

"பாத்தியா மனோ? மிலிட்டரி போயி, சமையல்கட்டு வந்துச்சு."

"ஆமாங்க. உங்க பொண்ணு மனசு யாருக்குத் தெரியும்?"

அன்று சாயங்காலமே ஹலீமா பீ வீட்டிலிருந்து தட்டு நிறையப் பிரியாணி வந்தது. கூடவே எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய்.

"இன்னா விசேஷம்?"

"ஹலீமா அக்காவுக்கு உங்க மேல மரியாத ஜாஸ்தி. போட்டி இருக்குல்ல, ஒடம்பத் தேத்திக்குங்க."

தினமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் மனோரமாவே ஆற்காடு பஸ் ஏறிப் போய் சர்க்கரைப் பாகில் ஊறிய மக்கன் பேடா வாங்கி வந்தாள்.

"எனக்கே குடுக்கறியே, அவளுக்கு?"

"அவ ஜெயிச்சிட்டா உங்களுக்குத்தானே பேஜாரு? நீங்க சாப்பிடுங்க."

பரந்தாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தொன்பது வருட தாம்பத்தியத்தில் மனைவி முதல்முறையாக அவர் கட்சியில் நிற்கிறாள். அந்த நெகிழ்ச்சியில் இன்னும் இரண்டு பேடா உள்ளே போனது. பயிற்சி எடுக்கலாமே என்று நண்பர்கள் சொன்னபோது, தினம் தோல் தூக்குகிறவனுக்கு எதற்கு என்று சிரித்தார்.

வயிறு சும்மா இருக்கவில்லை. ஆனால் வீட்டிலும் வேலையிலும் அவர் கட்டுவது குடியாத்தம் லுங்கி. லுங்கி எந்த வயிற்றையும் காட்டிக் கொடுக்காது. நடுவில் திமிரியில் ஒரு நிச்சயதார்த்தம் வந்தபோது பேன்ட் கேட்டார்.

"அயர்ன் கடைல இருக்கு. வேட்டி கட்டுங்க, எடுப்பா இருக்கும்."

அந்த ஒரு பேன்ட் நாற்பது நாளும் அயர்ன் கடையிலேயே இருந்தது. எந்தப் பேன்ட்டும் அவ்வளவு கசங்காது. பரந்தாமனுக்குத்தான் அது தோன்றவில்லை.

நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஹலீமா பீ நடுவர். முதலில் ஹரிணி. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் முகம் சிவந்தது, கால் உதறியது, ஆனாலும் மோவாய் மேலே வந்துவிட்டது.

"மூணு" என்றார் ஹலீமா பீ.

பரந்தாமன் லுங்கியை மடித்துக் கட்டினார். "மூணுதானே?" என்று கேட்டுவிட்டு எம்பினார். குழாய் முனகியது. ஒன்று போயிற்று. இரண்டுக்கு வெகுநேரம் ஆயிற்று. மூன்றில் பாதியில் நின்றார். இருபது வருடம் மாட்டின் கனத்தைத் தூக்கிய மனிதர், தன் கனத்தை இப்போதுதான் தூக்கிப் பார்க்கிறார்.

"இன்னாங்க, யோசிக்கிறீங்க?"

"வெயிட்டு ஜாஸ்தியா தெரியுது மனோ."

"கம்பில உங்களத் தவிர வேற யாரும் இல்லியே."

அப்பா தவிப்பதை ஹரிணியால் பார்க்க முடியவில்லை. ஓடி வந்து அவர் முழங்காலைக் கட்டிப்பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினாள். பரந்தாமனின் மோவாய் குழாயைத் தாண்டி மேலே போயிற்று. கீழே குனிந்து பார்த்தார். பிரியாணியும் பேடாவும் சேர்ந்த அந்த முழு உடம்பையும் அவள் தாங்கி நிற்கிறாள், மூச்சுகூட வாங்கவில்லை. மனசில் வந்தது பெருமையா, பிரிவா என்று அவருக்குத் தெரியவில்லை, இரண்டும்தான்.

"போதும் கண்ணு, எறக்கு. பேனா எங்க?"

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கண்ணில் வந்ததை வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். மனோரமா உள்ளே போய் அந்தப் பேன்ட்டைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டாள். ஒரு கசங்கல் இல்லை. எடுத்து இடுப்பில் வைத்து, பட்டன் எட்டாததைப் பார்த்தவருக்கு நாற்பது நாள் பிரியாணியும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

தோற்றவனுக்கும் பசிக்கும் அல்லவா?

"சரி, இன்னிக்கு இன்னா பிரியாணி இன்னும் வர்ல?"

"அது ஹரிணி தேக்சா தூக்கறதுக்குக் குடுத்த கூலிங்க. போட்டின்னு இன்னிக்கு அவ தூக்கல."

ஹலீமா பீ எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். "நாளைக்குக் காலைல வந்துடுங்க தம்பி. லுங்கியே போதும்."